குமிழ்களை அகற்றுங்கள்: சதுக்கத்தில் ஸ்கேட்டிங்கைத் தடைசெய்த நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கும் பொதுவெளிப் பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும்,

நூலகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் கல் திண்டுகளில் ஸ்கேட்போர்டு வழுக்கிச் செல்ல முடியாதபடி சென்ற மாதம் நீங்கள் பதித்த உலோகக் குமிழ்களைப் பற்றியும், அவற்றின் அருகே நட்டிருக்கும் ஸ்கேட்போர்டு தடை அறிவிப்புப் பலகையைப் பற்றியும் இந்த மடலை எழுதுகிறேன். இதே பொருள் குறித்து இரண்டு மனுக்களை முறைப்படி அளித்திருந்தேன். முதல் மனுவுக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவது மனுவுக்கு வந்த பதிலில் இரண்டே வரிகள் இருந்தன. பொதுமக்களின் நலன் கருதி இம்முடிவு எடுக்கப்பட்டது என்பது ஒரு வரி; இளையோருக்கென ஊருக்கு வெளியே ஏற்கெனவே ஒரு ஸ்கேட் பூங்கா உள்ளது என்பது மற்றொரு வரி. அந்த இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. காரணங்களைக் கோப்புக்குள் மூன்றாவது மனுவாக வைப்பதைவிட எல்லோரும் படிக்கும்படி சொல்லிவிடுவதே முறை என்று கருதுகிறேன்.

எனக்கு வயது 43. முழுநேர வேலையில் இருக்கிறேன். கடந்த பதினோரு ஆண்டுகளாக, தரை ஈரமில்லாத நாள்களில் எல்லாம், வேலைக்குப் புறப்படும் முன் காலை ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை அந்தச் சதுக்கத்தில் ஸ்கேட் செய்து வந்திருக்கிறேன். உங்கள் பதிலில் உள்ள 'பொதுமக்கள்' என்ற சொல்லில் நான் சேரவில்லை. 'இளையோர்' என்ற சொல்லிலும் நான் சேரவில்லை. அங்கு என்னோடு காலையில் கூடுகிறவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான். இரவுப் பணி முடித்து நேராக வரும் செவிலியர் ஒருவர், மின்பணியாளர் ஒருவர், மகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்து தானும் கற்றுக்கொண்ட தாய் ஒருவர், இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 58 வயதில் மீண்டும் பலகையில் ஏறியவர் ஒருவர். எங்களைக் கணக்கில் எடுக்காமல் எடுக்கப்பட்ட முடிவு இது என்பதே என் முதல் முறையீடு.

ஸ்ட்ரீட் ஸ்கேட்டிங் என்றால் என்ன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூங்கா இல்லாதபோது வேறு வழியின்றித் தெருவில் செய்யப்படுவது அது என்ற எண்ணம் உங்கள் பதிலின் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் என்ற நெகிழியால் ஆன சக்கரங்கள் வந்த பிறகுதான் ஸ்கேட்போர்டு கரடுமுரடான தரையிலும் வழுக்காமல் ஓடத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற இளைஞர், குழிவான தளத்தின் சரிவில், கையால் பிடிக்காமலே பலகையைக் காலோடு சேர்த்துக் காற்றில் எழுப்பினார். அதற்கு ஆலி என்று பெயர் நிலைத்தது. 1980-களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதையே சரிவு எதுவும் இல்லாத சமதரையில் செய்து காட்டினார். பலகையின் வால்பகுதியைப் பின்காலால் தரையில் அறைந்து, அது நிமிர்ந்து எழும் கணத்தில் முன்காலைப் பலகையின் முன்முனைப் பக்கம் இழுத்துச் சமன் செய்யும் அந்த ஒற்றை அசைவு வந்த பிறகு, நடைபாதையின் விளிம்பும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் கல் திண்டும் ஏறக்கூடியவையாக மாறின. இந்தக் கலை முழுவதும் நகரத்தின் கட்டுமானத்தைப் படித்து, அதற்குப் பதில் சொல்லும் முறையில் வளர்ந்தது. ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டபோதுகூட, ஸ்ட்ரீட் பிரிவின் களத்தைப் படிகளும் கம்பிகளும் திண்டுகளும் கொண்டே அமைத்தார்கள். 2024-இல் பாரிஸில் அந்தப் போட்டி நடந்த இடம், அந்நகரின் நடுநாயகமான கான்கார்ட் சதுக்கம்.

எங்கள் சதுக்கத்தில் ஐந்து திண்டுகள் இருக்கின்றன. அவற்றில் நூலக வாசலிலிருந்து மூன்றாவதாக உள்ள திண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் உயரம் என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. நீளம் நான்கு மீட்டர். அதன் கிழக்கு மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். ஸ்கேட்போர்டு அங்கே வருவதற்கு முன்பே, பல்லாண்டுக் காலம் உட்கார்ந்தவர்களின் கைகள் பட்டுத் தேய்ந்த இடம் அது. நான் போனதும் முதலில் செய்வது பெருக்குவது. சிறு துடைப்பம் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தெரு ஸ்கேட்டிங்குக்கு உரிய சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் 50 முதல் 54 மில்லிமீட்டர்தான், கெட்டியானது, கடுகைவிடச் சற்றுப் பெரிய கல் ஒன்று அடியில் சிக்கினாலும் சக்கரம் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே போவார். எனவே திண்டுக்கு முன் இருபது மீட்டர் தூரத்தைக் குனிந்து பார்த்தபடியே பெருக்குவேன். பீங்கான் துண்டு, மரக் குச்சி, பாட்டில் மூடி, எப்போதாவது உடைந்த கண்ணாடி. இந்தப் பதினோரு ஆண்டுகளில் அந்த இருபது மீட்டரை உங்கள் துறையின் துப்புரவுப் பணியாளர்களுக்கு அடுத்தபடியாக அதிக முறை பெருக்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு பலகையை இறக்கி இரண்டு உந்து உந்துவேன். தரைக்கற்களின் இணைப்புகளைச் சக்கரங்கள் கடக்கும்போது ஓர் ஓசை வரும். முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. வேகம் கூடக் கூட அந்த ஓசைகளின் இடைவெளி சுருங்கும். கண்ணால் அளக்காமல் காதால்தான் வேகத்தை அளக்கிறேன். திண்டுக்கு நான்கு கல் தொலைவில் முழங்கால் மடிய வேண்டும். இரண்டாவது கல்லில் பின்கால் அறைய வேண்டும். அதன் பின் ஓசை நிற்கும். மீண்டும் ஓசை வரும்போது அது வேறு ஓசை: பலகையின் அடியில் அச்சைத் தாங்கும் அலுமினியப் பகுதி, அதை நாங்கள் டிரக் என்போம், கல்லின் விளிம்பில் உராய்ந்து வழுக்கும் ஒலி. இரண்டு டிரக்குகளும் விளிம்பில் அமர்ந்து அந்த நான்கு மீட்டரைக் கடந்து மறுமுனையில் இறங்குவதற்கு ஃபிஃப்டி ஃபிஃப்டி கிரைண்ட் என்று பெயர். கேட்பவர்களுக்கு எளிதான ஒன்றாகத் தோன்றலாம். முதுகுப்புறம் திண்டு வரும்படி அணுகி அதைச் செய்ய எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. நாற்பது வயதை நெருங்கும்போது, நேற்றுவரை செய்ய முடியாத ஒன்றை உடம்பு இன்று செய்கிறது என்பதை அறியும் வாய்ப்பு ஒரு மனிதருக்கு எத்தனை இடங்களில் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அது அந்த மூன்றாவது திண்டில் கிடைத்தது.

அந்தத் திண்டின் மேல் இப்போது ஆறு குமிழ்கள் இருக்கின்றன.

வயது பற்றி உங்கள் பதில் மறைமுகமாகச் சொன்னதை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறேன். இது சிறுவர்களுக்கு உரியது, வளர்ந்தவர்கள் விட்டுவிட வேண்டியது என்ற கருத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின் ஸ்கேட்போர்டிங்கில், கிண்ணம் போலக் குழிந்த தளத்தில் நடக்கும் பார்க் பிரிவில் பிரிட்டனுக்காகக் களமிறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51. அதே போட்டியில் தென்னாப்பிரிக்காவின் டாலஸ் ஓபர்ஹோல்சருக்கு 49. அதே பாரிஸில், பெண்கள் பார்க் பிரிவில் 11 வயதுச் சிறுமி ஒருவர் சீனாவுக்காகப் போட்டியிட்டார். பதினொன்றும் ஐம்பத்தொன்றும் ஒரே களத்தில் ஓடும் விளையாட்டுகள் மிகச் சிலவே. எங்கள் சதுக்கத்திலும் அதுதான் நடந்தது. பள்ளி மாணவன் ஒருவனுக்கு நான் ஆலி கற்றுக்கொடுத்தேன். அவன் எனக்குப் பலகையைக் காலடியில் சுழற்றும் கிக்ஃபிலிப்பில் முன்கால் எங்கே தவறுகிறது என்று காட்டினான். வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே, ஒருவருக்கொருவர் கடமைப்படாத ஒரு பெரியவரும் ஒரு சிறுவனும் சமமாக நின்று பேசிக்கொள்ளும் இடங்கள் நம் நகரத்தில் எத்தனை இருக்கின்றன?

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயங்களை நான் அறியாதவன் அல்ல. அவற்றில் முதன்மையானது சேதம். ஸ்கேட் செய்வதால் திண்டுகளின் விளிம்பு கறுக்கிறது என்பது உண்மை. வழுக்குவதற்காக நாங்கள் தேய்க்கும் மெழுகும், டிரக்குகளின் அலுமினியத் துகளும் சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்குகின்றன. இரண்டு திண்டுகளில் விளிம்பு சிறிது பெயர்ந்திருப்பதும் உண்மை. அதற்கான பொறுப்பில் எனக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் குமிழ்கள் பொருத்தப்பட்ட விதத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குமிழுக்கும் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடைக்குள் துளையிட்டிருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளில் நாங்கள் பெயர்த்ததைவிடப் பெரிய துண்டு, நான்காவது திண்டில் துளையிட்ட அன்றே பெயர்ந்தது. அதைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டிய கோடு இன்றும் தெரிகிறது. துளைகளைச் சுற்றி நீர் இறங்கிக் கல் வெளுத்திருக்கிறது. கல்லைக் காக்கத்தான் இந்த வேலை நடந்தது என்றால், கல்லின் நிலையை மறுபடி ஒருமுறை நேரில் ஆய்வு செய்யும்படி உங்கள் பொறியாளரைக் கேளுங்கள்.

குமிழ்களால் பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. தடைக்குப் பிறகும் காலையில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன், எனவே கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் முதிய தம்பதியர் முன்பு அருகருகே அமர்வார்கள். இப்போது இடையில் ஒரு குமிழை வைத்துத் தள்ளி அமர்கிறார்கள், எழும்போது அந்த அம்மாள் விளிம்பில் கையூன்ற இடம் தேடுகிறார். திண்டின் மேல் நடந்து பழகிய குழந்தை ஒன்று குமிழில் கால் தட்டி விழுந்ததில் உதடு கிழிந்தது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பொதுமக்களின் நலன் என்ற சொல்லை எழுதியவர் இந்த இரண்டு காட்சிகளையும் பார்த்திருக்க மாட்டார் என்றே நம்ப விரும்புகிறேன்.

அடுத்தது ஆபத்து. இதில் நான் மிகுந்த நேர்மையோடு பேசக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், தவறிய முயற்சியில் என் காலடியிலிருந்து பறந்த பலகை நடந்து சென்ற ஒரு பெண்மணியின் கணுக்காலில் மோதியது. எலும்பு முறியவில்லை, ஆனால் வீங்கிவிட்டது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார். நான் என்னை எளிதில் மன்னிக்கவில்லை. அன்று முதல் கூட்டம் உள்ள நேரத்தில் அங்கே ஸ்கேட் செய்வதை விட்டேன். மற்றவர்களிடமும் பேசி, ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தை நோக்கி எந்த முயற்சியையும் செய்வதில்லை என்ற வழக்கத்தை நாங்களே ஏற்படுத்திக்கொண்டோம். யாராவது குறுக்கே வந்தால் பலகையைக் காலால் நிறுத்திக்கொண்டு அவர் கடக்கும்வரை காத்திருப்போம். எனக்குத் தெரிந்தவரை அதன் பிறகு அங்கே வேறு எவருக்கும் எங்களால் காயம் ஏற்பட்டதில்லை. என் மணிக்கட்டு ஒருமுறை முறிந்தது. அது நான் அறிந்தே ஏற்ற இடர். ஆபத்தைக் குறைக்கும் வழி நேரத்தையும் இடத்தையும் பிரித்துக்கொள்வதுதான் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். எங்களை ஒரு முறை அழைத்துக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்போம்.

ஓசை பற்றிய புகார் வந்திருந்தால் அதுவும் நியாயமானதே. கெட்டிச் சக்கரம் தரையில் எழுப்பும் சத்தம் அதிகாலையில் தொலைவுக்குக் கேட்கும். சதுக்கத்தைச் சுற்றி நூலகமும் அலுவலகங்களுமே உள்ளன என்றாலும், இரண்டு தெரு தள்ளி வீடுகள் இருக்கின்றன. தொடங்கும் நேரத்தை ஆறரை என்று மாற்றிக்கொள்ள நாங்கள் தயார்.

இனி, ஊருக்கு வெளியே உள்ள ஸ்கேட் பூங்காவுக்கு வருகிறேன். அதை நான் குறை சொல்லவில்லை. அது கட்டப்படுவதற்காக நடந்த கூட்டங்களில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் அது காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகும் ஒருவரால் வார நாள்களில் அதன் வாசலைத் திறந்த நிலையில் பார்க்கவே முடியாது. விடுமுறை நாள்களில் அங்கே ஸ்கூட்டரும் சைக்கிளுமாக எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் நிறைந்திருக்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள நான் அவர்களுக்கு நடுவே வேகமாக வருவதுதான் உண்மையான ஆபத்து. இவை இரண்டையும் சரிசெய்தாலும் ஒரு வேறுபாடு எஞ்சும். அங்கே ஒவ்வொரு வளைவும் சக்கரத்துக்கென்றே வார்க்கப்பட்டது. என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. சதுக்கத்துத் திண்டை யாரும் எங்களுக்காகக் கட்டவில்லை. அதில் என்ன செய்ய முடியும் என்பதை ஒவ்வொருவரும் தம் கண்ணால் கண்டுபிடிக்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட எதிரே உள்ள படிகளை எண்ணுவதும், புதிதாகப் போட்ட தரையின் வழவழப்பைக் காலால் தடவிப் பார்ப்பதும் எங்களுக்குப் பழக்கமாகிவிடுகிறது. இந்த நகரத்தை நான் இவ்வளவு கூர்ந்து பார்ப்பதற்கும், இவ்வளவு நேசிப்பதற்கும் காரணம் அதுதான். நீச்சல் குளம் இருக்கிறது என்பதால் ஆற்றில் நீந்துகிறவரிடம் ஆறு தேவையில்லை என்று சொல்ல மாட்டோம்.

தடைகள் இதற்கு முன்பும் விதிக்கப்பட்டிருக்கின்றன. நார்வே நாடு 1978-இல் ஸ்கேட்போர்டை முழுவதுமாகவே தடைசெய்தது. அங்குள்ளவர்கள் காட்டுக்குள் மறைவாக மரச் சரிவுகளைக் கட்டி ஓட்டினார்கள். 1989-இல் தடை நீக்கப்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லவ் பார்க் என்று அழைக்கப்படும் சதுக்கம் உலகெங்கும் ஸ்கேட்போர்டர்கள் அறிந்த இடமாக இருந்தது. அங்கே தடை வந்தபோது, அந்தச் சதுக்கம் உருவாகக் காரணமான நகரத் திட்டமிடுநர் எட்மண்ட் பேக்கன், 2002-இல் தம் 92-ஆவது வயதில், இருபுறமும் ஆள்கள் தாங்கிக்கொள்ள ஸ்கேட்போர்டில் ஏறி நின்று தடையை எதிர்த்தார். ஓர் இடத்தைக் கற்பனை செய்தவரே, தாம் எண்ணாத விதத்தில் இளைஞர்கள் அதைப் பயன்படுத்துவது கண்டு மகிழ்ந்து அவர்கள் பக்கம் நின்றார் என்பதை, நம் சதுக்கத்தை வடிவமைத்தவர்களும் எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். அந்த நகர நிர்வாகம் இறங்கி வரவில்லை. சதுக்கம் 2016-இல் இடிக்கப்பட்டு, 2018-இல் புதிய வடிவில் திறக்கப்பட்டது. அதன் கருங்கற்களில் சில பிற்பாடு கடல் கடந்து ஸ்வீடனின் மால்மோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை ஸ்கேட் செய்வதற்காகவே விரும்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு நகரம் தொல்லை என்று ஒதுக்கிய கல்லை இன்னொரு நகரம் செல்வமாகக் கருதியது.

மால்மோ அதோடு நிற்கவில்லை. ஸ்கேட்போர்டிங்கைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கும் மேல்நிலைப் பள்ளி ஒன்று அங்கே உண்டு. நகர நிர்வாகத்தில் ஸ்கேட்டிங்குக்கென்றே ஒருவர் பணியில் அமர்த்தப்பட்டார். பிரான்ஸின் போர்தோ நகரம் ஒரு காலத்தில் தெருவில் ஸ்கேட் செய்கிறவர்களுக்கு அபராதம் விதித்து வந்தது. பின்னர் லியோ வால்ஸ் என்ற ஸ்கேட்போர்டரையும் அவருடைய தோழர்களையும் அழைத்துப் பேசி, சில சதுக்கங்களில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை ஸ்கேட் செய்யலாம் என்று பலகை வைத்தது. லண்டனின் தேம்ஸ் கரையில், சவுத்பேங்க் கலை மையத்தின் அடித்தளத்தில் 1970-களிலிருந்து ஸ்கேட் செய்து வருகிறார்கள். 2013-இல் அந்த இடத்தைக் கடைகளாக மாற்றும் திட்டம் வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2014-இல் அந்த இடம் அப்படியே இருக்கும் என்று உடன்பாடு ஏற்பட்டது, 2019-இல், நெடுங்காலம் அடைத்து வைத்திருந்த ஒரு பகுதியும் மீட்கப்பட்டுத் திறக்கப்பட்டது. இந்த இடங்களில் எல்லாம் தீர்வு ஒரே விதமாகத்தான் வந்தது: அதிகாரத்தில் இருந்தவர்கள் ஸ்கேட்போர்டர்களை உட்கார வைத்துப் பேசினார்கள்.

தடை நடைமுறைப்படுத்தப்படும் விதம் குறித்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில், சதுக்கத்துக்கு வந்த காவலாளி என்னையும் செவிலியரையும் பார்த்து மரியாதையாக, கிளம்புங்கள் என்றார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பதினாறு வயதுப் பையனின் பலகையை மட்டும் பிடுங்கிக்கொண்டார். மூவரும் ஒரே தவறைத்தான் செய்திருந்தோம், அது தவறு என்றால். அவன் அந்தப் பலகைக்காகப் பல மாதங்கள் சேமித்தவன். பலகையின் மேல் ஒட்டும் சொரசொரப்பான கிரிப் டேப்பின் மூலையில் தன் தம்பியின் பெயரைக் கீறி எழுதியிருந்தான். ரசீது கேட்டேன், கொடுக்கப்படவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு முறை அவனோடு போனேன். பலகை எங்கே இருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்புப் பலகையில் பறிமுதல் என்ற சொல் இல்லை. எந்த விதியின் கீழ் அது எடுக்கப்பட்டது என்பதை அறிய அவனுக்கு உரிமை உண்டு. என்னிடமிருந்து எடுக்கத் தயங்கியதை அவனிடமிருந்து எடுக்க முடிந்தது ஏன் என்பதை நீங்கள் விளக்க வேண்டும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவதாக, அந்தப் பையனின் ஸ்கேட்போர்டை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். அது தொலைந்திருந்தால் அதற்கு ஈடான ஒன்றை வாங்கிக் கொடுங்கள். இதற்கு மன்றக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை. இனி எவருடைய பலகையும் பறிமுதல் செய்யப்படாது என்று காவலாளிகளுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள்.

இரண்டாவதாக, ஐந்து திண்டுகளிலும் உள்ள குமிழ்களை அகற்றித் துளைகளை முறையாக அடைத்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது திண்டுகளின் விளிம்புகளுக்கு மட்டும் எஃகுக் கோணப் பட்டை பொருத்துங்கள். கல்லோடு சமமாக இருக்கும்படி பதித்து, அதன் கூர்மையைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்கிவிட்டால், உராய்வு முழுவதையும் எஃகு தாங்கும், கல் பெயராது, உட்காருகிறவர்களுக்கும் இடையூறு இராது. ஸ்கேட் செய்வதற்கென்று கட்டப்படும் திண்டுகளில் வழக்கமாகச் செய்யப்படுவது இதுதான். மற்ற மூன்று திண்டுகளையும் உட்காருகிறவர்களுக்கு விட்டுவிடுகிறோம். அவற்றை நாங்கள் தொட மாட்டோம். கறை படிந்த விளிம்புகளை மாதம் ஒருமுறை நாங்களே சுத்தம் செய்து தருகிறோம், அதற்கு வேண்டிய பொருள்களும் எங்களுடையவை.

மூன்றாவதாக, தடைப் பலகை நிற்கும் இடத்தில் நேரப் பலகையை வையுங்கள். வார நாள்களில் காலை ஆறரை முதல் எட்டு வரையும், இரவு எட்டு முதல் ஒன்பதரை வரையும் ஸ்கேட் செய்யலாம் என்பது எங்கள் முன்மொழிவு. ஆறு மாதங்கள் சோதனையாக நடத்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் வரும் ஒவ்வொரு புகாரையும் எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். பதில் சொல்லும் பொறுப்பை நானும் மேலே சொன்ன நால்வரும் ஏற்கிறோம். ஆறு மாத முடிவில் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தால், அதை எங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு வெளியே உள்ள பூங்காவை வாரத்தில் இரண்டு நாள்களாவது இரவு ஒன்பது மணிவரை, பெரியவர்களுக்கென்று திறந்து வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். விளக்குகள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அவை மாலை ஆறு மணிக்கு அணைக்கப்படுகின்றன, அவ்வளவே.

கடைசியாக, இந்த முடிவு எந்த ஆய்வின் அடிப்படையில், யாருடைய பரிந்துரையின் பேரில், எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கான ஆவணங்களை வெளியிடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எங்களில் இருவர் பேசுவதற்குப் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்குங்கள். அதற்கு முன், உங்களில் ஒருவராவது ஒரு நாள் காலை ஆறரை மணிக்குச் சதுக்கத்துக்கு வந்து அந்த மூன்றாவது திண்டில் உட்கார்ந்து பாருங்கள். நான் அங்கே இருப்பேன். முப்பது நாள்களுக்குள் இந்த மடலுக்கு எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சதுக்கத்தில் பதினோரு ஆண்டுகள் ஸ்கேட் செய்த ஒருவன்